பழைய வீடியோ கேசட்டுகளை வீட்டிலேயே கணினியில் ஏற்ற எந்தக் கருவி வாங்கலாம்?

பரணில் இருந்து இறக்கிய குடும்ப வீடியோ கேசட்டுகள் இருக்கின்றன, பெரும்பாலும் விஎச்எஸ், நடுவே சில 8 மி.மீ., சில மினிடிவி (MiniDV) கேசட்டுகள். இவற்றைக் கணினிக்கு மாற்ற எந்த யூஎஸ்பி கேப்சர் கருவி (கேசட்டின் படத்தையும் ஒலியையும் கணினிக் கோப்பாக்கும் சின்னப் பெட்டி) நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிடைத்த விடுமுறை நாட்களில் எல்லாம் உட்கார்ந்து, எங்கள் வீட்டுக் கேசட்டுகள் 34ஐயும் மாற்றி முடித்தவன் நான். அதனால் சொல்கிறேன், யூஎஸ்பி கருவியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கையில் உள்ள பணத்தில் பெரும்பகுதியைக் கேசட்டை ஓட்டும் டெக்குக்கு ஒதுக்குங்கள்.

நான் தலைகீழாகத்தான் ஆரம்பித்தேன். மலிவாகக் கிடைத்த ஒரு யூஎஸ்பி கருவி, உறவினர் வீட்டில் சும்மா கிடந்த விசிஆர். முதலில் போட்டது, தாத்தா நாற்காலியில் சாய்ந்துகொண்டு தன் சின்ன வயதுக் கதைகளைச் சொல்லும் கேசட். முதல் பத்து நிமிடம் எல்லாம் சரியாக இருந்தது. ஐம்பதாவது நிமிடத்தில் பார்த்தால் தாத்தா வாயை மூடிவிட்டார், குரல் மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அவர் இப்போது இல்லை. அந்தக் காட்சியை அப்படிப் பார்த்தபோது நெஞ்சு கனத்துப்போனது.

ஏன் இப்படி ஆகிறது என்று தேடிப் படித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. நம் நாட்டு டிவி முறையான பால் (PAL) முறை விசிஆரில் டேப் நொடிக்கு 2.3 செ.மீ. வேகத்தில் நகர்கிறது. டேப்பைப் படிக்கும் ஹெட் பொருத்திய உருளை நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றி, படத்தைக் கோடு கோடாக எடுத்துக் கொடுக்கிறது. டேப் கொஞ்சம் இழுபட்டிருந்தாலோ, டெக்கின் உள்ளே ரப்பர் தேய்ந்திருந்தாலோ கோடுகள் ஒன்று சற்று முன்னே, ஒன்று சற்றுப் பின்னே வந்து விழும். பழைய குழாய் டிவி இதைப் பொறுத்துக்கொள்ளும். கேப்சர் கருவி பொறுக்காது. புரியாத ஃபிரேமை, அதாவது ஒரு முழுப் படத்தை, அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ஒலியோ தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கும். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால், ஒரு மணி நேரத்தில் 50 ஃபிரேம் தொலைந்தாலே படம் ஒலியைவிட 2 நொடி முந்திவிடுகிறது.

இதைச் சரிசெய்யும் மின்னணுச் சுற்றுக்கு டைம் பேஸ் கரெக்டர் என்று பெயர், சுருக்கமாக டிபிசி. ஜேவிசி, பானசோனிக் நிறுவனங்களின் உயர்ரக எஸ்-விஎச்எஸ் டெக்குகள் சிலவற்றில் இது உள்ளேயே இருக்கிறது. கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. கேசட்டுகள் சாதாரண விஎச்எஸ் ஆக இருந்தாலும் பரவாயில்லை, எஸ்-விஎச்எஸ் டெக்கில் ஓடும். அந்த டெக்குகளில் எஸ்-வீடியோ இணைப்பும் உண்டு. விஎச்எஸ் டேப்பில் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகத்தான் பதிவாகியிருக்கின்றன. எஸ்-வீடியோ கேபிள் அவற்றைப் பிரித்தபடியே கொண்டுவரும். மஞ்சள் பின் கேபிள் இரண்டையும் கலந்துவிடுவதால் நிறங்களின் விளிம்பில் புள்ளிகள் ஊர்வதைப் பார்க்கலாம்.

அப்படிப்பட்ட டெக் கிடைக்கவில்லையா? நல்ல நிலையில் உள்ள ஹைஃபை விசிஆர் ஒன்றும், பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10 அல்லது இஎஸ்15 டிவிடி ரெக்கார்டர் ஒன்றும் தேடுங்கள். விசிஆரில் இருந்து ரெக்கார்டருக்குள் விட்டு, அதன் எஸ்-வீடியோ வழியாக வெளியே எடுத்தால் போதும், எதையும் டிவிடியில் பதிய வேண்டாம். உள்ளே நுழைந்து வெளியேறும்போதே கோடுகள் பெருமளவு நேராகிவிடும். எனக்குக் கைகொடுத்தது இந்த வழிதான்.

விசிஆர் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டதால், எதை வாங்கினாலும் பழையதுதான். வாங்கும்முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு, உங்கள் கேசட் பால் முறையா, அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளின் என்டிஎஸ்சி முறையா என்று தெரிந்துகொண்டு அதற்குப் பொருந்தும் டெக்கா என்று உறுதிசெய்யுங்கள். வெளிநாட்டில் எடுத்த கேசட் கலந்திருந்தால் இதில்தான் தடுமாற்றம் வரும்.

8 மி.மீ. கேசட்டுக்கு அதே வகைக் கேமரா வேண்டும். 1999இல் சோனி கொண்டுவந்த டிஜிட்டல்8 கேமராக்களில் பல, பழைய வீடியோ8, ஹை8 கேசட்டுகளையும் ஓட்டி ஃபயர்வயர் என்ற கேபிள் இணைப்பு வழியாக டிஜிட்டலாகவே கொடுக்கும். எல்லா மாடலும் அப்படி இல்லை என்பதால் கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மினிடிவி கதையே வேறு. அதில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல். கேப்சர் கருவியை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கேமராவின் ஃபயர்வயர் இணைப்பில் இருந்து கணினிக்கு நேராக எடுத்தால் டேப்பில் உள்ளது உள்ளபடி வந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி ஆகும். ஃபயர்வயர் துளை உள்ள பழைய லேப்டாப் ஒன்று கிடைத்தால் வேலை எளிது.

இப்போது கேப்சர் கருவிக்கு வரலாம். எஸ்-வீடியோ துளை உள்ளதாக வாங்குங்கள். விண்டோஸ் என்றால் ஐ-ஓ டேட்டா ஜிவி-யூஎஸ்பி2 அல்லது ஹாப்பாக் யூஎஸ்பி-லைவ்2 போதும். இலவசமான விர்ச்சுவல்டப் மென்பொருளில், ஹஃப்யூவி போன்ற இழப்பில்லாத முறையில், 720க்கு 576 அளவில் பிடித்து வையுங்கள் (என்டிஎஸ்சி என்றால் 720க்கு 480). மணிக்கு 30 ஜிபி அளவுக்கு இடம் தின்னும், ஆனால் அதுதான் மூலப்பிரதி. வீட்டாருக்கு அனுப்ப, அதிலிருந்து எச்.264 என்ற சுருக்கும் முறையில் சின்னதாக ஒன்று எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். படத்தின் அடியில் சில கோடுகள் துடித்துக்கொண்டே இருக்கும். பயப்படாதீர்கள், ஒரு ஹெட் இன்னொன்றுக்கு மாறும் இடம் அது, எல்லா விஎச்எஸ்ஸிலும் உண்டு.

ஒன்றை மட்டும் வாங்கவே வேண்டாம் என்பேன், எச்டிஎம்ஐ ஆக மாற்றித் தரும் சின்னப் பெட்டி. பெரும்பாலும் அது 4:3 படத்தை அகலமாக இழுத்து எல்லோர் முகத்தையும் உப்ப வைத்துவிடும். நொடிக்கு 50 அரைப்படங்களாகப் பதிவான அசைவையும் கண்டபடி கலந்துவிடும். அப்படிக் கலந்ததை அப்புறம் பிரிக்கவே முடியாது. இழப்பில்லாமல் பிடித்து வைத்திருந்தால் க்யூடிஜிஎம்சி போன்ற வடிகட்டி மூலம் பிறகு நிதானமாக, அழகாகச் சரிசெய்யலாம்.

டெக்குக்குள் போடும்முன் ஒவ்வொரு கேசட்டையும் வெளிச்சத்தில் பிடித்து அந்தச் சின்ன ஜன்னல் வழியே பாருங்கள். சுருளின் மேல் வெள்ளையாகத் தூளோ நூலோ படிந்திருந்தால் அது பூஞ்சை. அதை ஓட்டினால் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும், தனியே எடுத்து வையுங்கள். முதுகுப் பக்கம் இடது ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பல்லையும் உடைத்துவிடுங்கள். கை தவறி ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் எதுவும் அழியாது. பிறகு கடைசிவரை ஓட்டி, திருப்பிச் சுற்றி, அப்புறம் பிளே செய்யுங்கள். ஹெட்டைத் துடைக்கக் காது குடையும் பஞ்சுக்குச்சி ஆகாது, இழை சிக்கி ஹெட் உடைந்துவிடும். தோல் சுற்றிய குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, உருளையைக் கையால் சுற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்க்கவே கூடாது.

புதிதாக வந்த டெக்கில் முதலில் டிவி நிகழ்ச்சி எதையாவது பதிந்த, போனாலும் கவலையில்லாத கேசட்டைப் போடுங்கள். டேப்பைக் கடித்தால் அதோடு போகட்டும். குடும்பக் கேசட்டுகளில் மிக அருமையானதைக் கடைசிக்கு வையுங்கள், அதற்குள் உங்கள் கையும் பழகியிருக்கும்.

தாத்தா கேசட்டை நான் மறுபடி போட்டது அப்படித்தான், 34ஆவதாக. அவருக்குப் பின்னால் அலை அலையாக நெளிந்த கதவுச் சட்டம் நேராக நின்றது. மூலையில் நடுங்கிக்கொண்டிருந்த தேதியைப் படிக்க முடிந்தது, 1994. கதையை முடித்துவிட்டு அவர் வாயை மூடியபோது குரலும் நின்றது.