பீரோவில் கிடக்கும் கேமரா

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். எனக்கு ஊர் செங்கோட்டை. பிரானூரில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். 2015-ல் சீட்டு எடுத்த பணத்தில் நிக்கான் டி5300 கேமரா வாங்கினேன். அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் வண்டியை எடுத்துவிடுவேன். பாலருவி, அச்சன்கோவில், பதிமூன்று கண் பாலம், ஆடி மாதம் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி என்று எதையும் விட்டதில்லை. இப்போது ஒன்றரை வருடமாகக் கேமரா பீரோவில் கிடக்கிறது. எப்போதாவது எடுத்துக் கண்ணில் வைத்தாலும் 'இதைத்தான் ஏற்கெனவே எடுத்தாச்சே' என்று தோன்றி இறக்கிவிடுகிறேன். போன சாறல் சீசனுக்குக் கொட்டாரக்கரை நண்பர்கள் வந்தார்கள் என்று சூரியகாந்தி பார்க்கக் கூட்டிப்போனேன். வயலுக்குள் நாற்பது பேர் நின்று ஒரே மாதிரி எடுத்துக்கொண்டிருந்தார்கள், நான் போனைக்கூட வெளியே எடுக்கவில்லை. வீட்டில் ஹார்ட் டிஸ்கில் 40,000 படம் இருக்கிறது. கூட்டாளிகள் மிரர்லெஸ் என்கிற புதுவகைக் கேமராவுக்கு மாறிவிட்டார்கள், நீயும் மாறு, ஆர்வம் தானாக வரும் என்கிறார்கள். இன்னொருவன் கல்யாண வேலைக்குக் கூப்பிடுகிறான், நாலு காசு வந்தால் சலிப்பு போய்விடுமாம். பேசாமல் விற்றுவிடலாமா என்றும் இருக்கிறது. என்ன செய்ய?

ச., செங்கோட்டை

அன்புள்ள தம்பி,

முதல் வேலையாகக் கேமராவை பீரோவிலிருந்து வெளியே எடுங்கள். படம் எடுக்க இல்லை. ஒன்றரை வருடம் என்றால் ஒரு முழுச் சாறலையும் ஐப்பசி அடைமழையையும் அது துணிமணிகளுக்கு நடுவே பைக்குள்ளேயே கழித்திருக்கிறது, கணவாய்க் காற்று கொண்டுவந்து கொட்டுகிற நம் ஊர் ஈரத்துக்கு லென்ஸில் பூசணம் பிடிக்க அது தாராளம். லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திவலை மாதிரி நூல்நூலாக ஏதாவது தெரிந்தால் அதுதான். அப்படியே விட்டால் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிடும், அப்புறம் துடைத்தாலும் தடம் போகாது. அரிசிப் பானைக்குள் வைக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள், அரிசித் தூசி உள்ளே போய் இன்னொரு தொல்லை. காற்றுப் புகாத ஒரு பிளாஸ்டிக் டப்பா, நாலு சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். நாளைக்கே விற்பதானாலும் பூசணம் பிடித்ததை எவன் வாங்குவான்?

விற்கலாமா என்றால், தாராளமாக விற்கலாம். இது பொழுதுபோக்குதானே, யாருக்கும் பட்ட கடன் இல்லை. பிரெஞ்சுக்காரர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸோன், போன நூற்றாண்டின் புகைப்படக்காரர்களில் அவரைவிடப் பெரிய பெயர் அதிகம் கிடையாது, 1970-களின் தொடக்கத்தில் புகைப்படம் எடுப்பதை அநேகமாக நிறுத்திவிட்டு இளவயதில் படித்த ஓவியத்துக்கே திரும்பிப் போய்விட்டார். 2004-ல் இறக்கும்வரை முக்கால்வாசி நேரம் பென்சிலும் காகிதமும்தான். அவரே விட்டிருக்கிறார், மரக்கடைக் கணக்கை முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் படம் எடுக்கிற நாம் விட்டால் வானம் இடிந்து விழாது. ஆனால் நீங்கள் விற்கத் தயாராக இருந்திருந்தால் எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள், விலை கேட்டு வேறு யாருக்காவது போன் போட்டிருப்பீர்கள்.

மிரர்லெஸ் பற்றி ஒரு வரிதான். மூன்று மாதம் ஆர்வம் வரும், அது புதுச் செருப்பு போட்டு நடக்கிற ஆர்வம்.

கல்யாண வேலை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த யோசனைதான் எல்லோரும் நல்லெண்ணத்தோடு சொல்வது. 1973-ல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பாலர் பள்ளியில், ஸ்கெட்ச் பேனாவைக் கண்டாலே ஓடிப்போய் வரைகிற பிள்ளைகளாகப் பார்த்து எடுத்து, ஒரு பிரிவிடம் 'வரைந்தால் பரிசுப் பத்திரம் தருவோம்' என்று முன்கூட்டியே சொன்னார்கள், ஒரு பிரிவுக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள், ஒரு பிரிவுக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, பரிசு என்ற பேச்சே இல்லாமல் பேனாவை மறுபடி வைத்தபோது, முன்கூட்டியே பரிசு பேசப்பட்ட பிள்ளைகள் மற்றவர்களில் பாதி நேரம்தான் அதைத் தொட்டார்கள். சொல்லாமல் கொடுத்த பிள்ளைகளுக்கு ஒரு சேதமும் இல்லை. காசு கெட்டது என்று நான் சொல்லவில்லை. கல்யாணப் புகைப்படம் நல்ல தொழில், ராத்திரி மாப்பிள்ளை அழைப்பிலிருந்து மறுநாள் மதியப் பந்தி வரை நிற்கிறவர்களைப் பார்த்து வியந்திருக்கிறேன். அதைத் தொழிலாகச் செய்யுங்கள், மருந்தாக வேண்டாம்.

இனி அந்த 40,000. உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது சூரியகாந்தி இல்லை, இந்த எண்தான். அதில் எத்தனையைத் திரும்பப் பார்த்தீர்கள்? எத்தனையைக் காகிதத்தில் போட்டீர்கள்? படத்தில் இருக்கிற ஆட்களில் எத்தனை பேர் கைக்கு அவர்கள் படம் போய்ச் சேர்ந்தது? என் கதை தெரிந்துதான் கேட்கிறேன்.

நம் ரயில் பாதை 1904-ல் வந்தது. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர், 1956-ல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே மீட்டர் கேஜ் வண்டி 2010-ல் நிற்கப் போகிறது என்று தெரிந்ததும், எங்கெங்கிருந்தோ கேமராவைத் தூக்கிக்கொண்டு கூட்டம் வந்தது. நானும் ஐந்து ஞாயிறு கழுதுருட்டிப் பக்கம் போய், நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று, பதிமூன்று கண் பாலத்தின் மேல் வண்டி போவதைச் சுட்டுத்தள்ளினேன், 1,400 படம் இருக்கும். பிறகு எட்டு வருடம் அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஆர்வம் போய்விட்டது என்று நானும்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். 2018-ல் அகலப்பாதையில் வண்டி ஓட ஆரம்பித்தபோது பழைய படம் இருக்கிறதா என்று ஒருவர் கேட்க, உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாலத்துப் படங்கள் எல்லாம் ஒன்றுபோல இருந்தன, என்னுடையதையும் பக்கத்தில் நின்றவருடையதையும் கலந்து போட்டால் எனக்கே அடையாளம் தெரியாது. ஆனால் வண்டி வருவதற்குள் வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க, சும்மா திருப்பி எடுத்த பத்துப் பன்னிரண்டு படங்கள் இருந்தன பாருங்கள், அவைதான் படம். தண்டவாளத்தில் துணி உலர்த்தியிருந்தது, ஆரியங்காவு பிளாட்பாரத்தில் ஏத்தன் வாழைக்குலையைச் சாய்த்துவைத்துவிட்டுத் தூங்குகிற ஒரு அம்மா, டீக்கடைக்காரர் சட்டையில்லாமல் டீ ஆற்றுவது.

அந்த டீக்கடைப் படத்தை மட்டும் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நான் நிற்க, பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக அவர் சொன்னது, 'வயறு இத்தர பெருசா காட்டியிருக்கே, அடுத்த ஞாயிறு வா, சட்டை போட்டு நிக்கேன்.' போகாமல் இருக்க முடியுமா? போனேன். சட்டை போட்டு, பட்டாளத்துக்காரர் மாதிரி விறைப்பாக நின்றார், படம் மோசமாக வந்தது, அவருக்கு அதுதான் பிடித்தது. பக்கத்தில் லாட்டரி விற்கிறவருக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். அப்புறம் அவர் மகளுக்கு. எட்டு வருடம் தொடாத கேமராவை நான் மறுபடி எடுத்த கதை இவ்வளவுதான், ஞானோதயம் எல்லாம் ஒன்றும் இல்லை, ஒருவர் தொந்தி பெரிதாகத் தெரிகிறது என்று கோபப்பட்டார்.

ஃபிலிம் காலத்தில் இந்தச் சிக்கல் கிடையாது, அந்தக் காலம் பொற்காலம் என்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு ரோலுக்கு 36 படம். கழுவக் கொடுத்தால் பிரிண்ட் உறையோடு வந்துவிடும், வீட்டில் உட்கார்ந்து எல்லோரும் கைமாற்றிப் பார்ப்பார்கள், ஒன்றை அத்தை எடுத்துவைத்துக்கொள்வாள். எடுப்பது, பார்ப்பது, கொடுப்பது மூன்றும் ஒரே கயிறாக இருந்தது. இப்போது நம்மிடம் எடுப்பது மட்டும் இருக்கிறது. உண்ட சோறு செரிக்காமல் பசிக்கவில்லை என்றால் வைத்தியர் இன்னொரு இலை போடவா சொல்வார்?

அதனால் இந்தச் சாறல் முழுக்கப் புதுப் படம் எடுக்க வேண்டாம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் அந்த ஹார்ட் டிஸ்கைத் திறங்கள். அருவியையும் பூவையும் வேகமாகத் தள்ளிவிடலாம். மனிதர்கள் இருக்கிற படங்களில் நில்லுங்கள், மரக்கடை, லாரி, வீட்டுத் திண்ணை, வண்டிக்குப் பெட்ரோல் போட நின்ற இடம். 20 படம் பொறுக்கிப் பிரிண்ட் போட்டு, உரியவர்களிடம் கொடுங்கள். வருடக்கணக்கில் தள்ளிப்போட்டுவிட்டோமே என்று வெட்கப்பட வேண்டாம், அது ஒருவகையில் லாபம்தான். அமெரிக்காவில் கேரி வினோகிராண்ட் என்றொருவர், எடுத்த ஃபிலிமை வேண்டுமென்றே ஒரு வருடத்துக்கு மேல் கழுவாமல் வைத்திருப்பார், எடுத்த அன்றைய மனநிலை மறந்த பிறகு பார்த்தால்தான் படம் நல்லதா கெட்டதா என்று தெரியும் என்பது அவர் கணக்கு. அவர் கணக்கிலும் ஒரு ஓட்டை உண்டு. 1984-ல் அவர் இறந்தபோது 2,500 ரோல் போலக் கழுவாமலே கிடந்தது. ஒரு ரோலுக்கு 36 என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள், கணக்கு எழுதுகிறவர். அவற்றில் எதையும் அவர் பார்க்கவில்லை.

பிரிண்ட் கொடுத்த பிறகும் ஒன்றும் தோன்றவில்லை என்றால் விற்றுவிடுங்கள், நான் குறை சொல்ல மாட்டேன். எதற்கும் முதலில் அந்த டார்ச் வேலையை முடித்துவிட்டு எழுதுங்கள். பூசணம் இருந்தால் லென்ஸைப் பிரித்துத் துடைத்துக் கொடுக்கிற ஒருவரைத் திருநெல்வேலியில் எனக்குத் தெரியும், வயதானவர், ஆவணிக்குப் பிறகு கடை திறக்கிறாரா என்று விசாரித்துச் சொல்கிறேன்.