தாவரவியல் படித்த பெண் தொல்லியலுக்குப் போகலாமா?

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. தாவரவியல் முடித்திருக்கிறாள். பழங்கால மக்கள் எப்போது, எதைப் பயிரிட்டார்கள் என்று ஆராயும் தொல்லியலுக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். இங்குள்ள ஒரு கல்வி ஆலோசனை மையம் 'ஆறு மாத டிப்ளமோ, நேரடி அகழாய்வுப் பயிற்சி, மத்திய தொல்லியல் துறையில் உறுதியான வேலை' என்று சொல்லி 85 ஆயிரம் ரூபாய் கேட்கிறது. கட்டலாமா?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: கட்டாதீர்கள், அம்மா. பெண்ணின் ஆசையில் தவறே இல்லை. அந்த மையம் விற்கும் சரக்கில்தான் தவறு.

நம் நாட்டில் 1958-ம் ஆண்டின் தொல்லியல் சட்டப்படி, அனுமதி பெறாமல் யாரும் அகழாய்வு செய்ய முடியாது. அந்த அனுமதி அரசுத் துறைகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. அப்படியிருக்க, தெருமுனையில் பலகை மாட்டிய மையம் எந்தக் குழியில் இறக்கிப் பயிற்சி தரும்? எங்காவது நடக்கும் அகழாய்வுக்குப் பிள்ளைகளை வேனில் கூட்டிப்போய், குழிக்கு வெளியே நிற்கவைத்துப் படம் எடுத்து, சான்றிதழ் அச்சடித்துக் கொடுப்பார்கள். நேர்காணலில் அந்தத் தாளை யாரும் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. 'வேலை உறுதி' என்பது அதைவிடப் பெரிய பொய். தொல்லியல் அலுவலர் பணிக்கு மாநிலத்தில் டி.என்.பி.எஸ்.சி., மத்தியில் யு.பி.எஸ்.சி. என்று தேர்வு எழுதித்தான் போக வேண்டும். இடைத்தரகருக்கு அங்கே வேலையே இல்லை. நாளைக்கு இதே ஆட்கள் 'லண்டனில் படிக்கவைக்கிறோம்' என்றும் வருவார்கள். எந்தக் கல்லூரி கமிஷன் தருகிறதோ அதைத்தான் சொல்வார்கள். அங்கே இந்தப் பாடம் இருக்கிறதா என்றுகூடப் பார்க்க மாட்டார்கள்.

நேர்வழி நீளமானது. முதலில் தொல்லியலில் இரண்டு ஆண்டு முதுகலை. புனே டெக்கான் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் என்று கேட்டுப் பார்க்கலாம். அதன்பின் மத்திய தொல்லியல் துறையே கிரேட்டர் நொய்டாவில் உதவித்தொகையோடு இரண்டு ஆண்டு முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது. ஆனால் எந்த முதுகலைப் பட்டத்துக்கு அங்கே கதவு திறக்கும் என்பது அறிவிப்பிலுள்ள பட்டியலைப் பொறுத்தது. 2020 அறிவிப்பில் தமிழையே விட்டுவிட்டார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் சேர்த்தார்கள். தாவரவியலையும் ஒருநாள் சேர்ப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

தொல்லியல் முதுகலை இல்லாமலேயே உள்ளே வர ஒரு வழி உண்டு. உங்கள் பெண்ணுக்குப் பொருந்தக்கூடியது என்பதால் விரிவாகச் சொல்கிறேன். லக்னோவில் பீர்பல் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனம் இருக்கிறது. 1946-ல் தாவரவியலாளர் பீர்பல் சாஹ்னி தொடங்கியது. அகழாய்வில் கிடைக்கும் விதைகளை அடையாளம் காணும் வேலை அங்கே பல பத்தாண்டுகளாக நடக்கிறது. எம்.எஸ்சி. தாவரவியல் முடித்து, நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்கினால் முனைவர் பட்டத்துக்கு முயலலாம். அந்த உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். நெட் தேறினால் மட்டும் போதாது, ஜே.ஆர்.எஃப். வேண்டும், இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய. வழிகாட்டியாக வருபவருக்கு அகழாய்வுக் குழுக்களோடு தொடர்பு இருக்கிறதா என்றும் கட்டாயம் கேளுங்கள். மண் மாதிரி வராத ஆய்வகத்தில் நுண்ணோக்கி இருந்து என்ன பயன்? இந்த வழியில் வந்தாலும் குழியில் இறங்கி மண்ணடுக்கு பார்க்கக் கற்றாக வேண்டும். இல்லாவிட்டால், எலி வளை வழியாகக் கீழே போன நேற்றைய கம்பை மூவாயிரம் ஆண்டுப் பழையது என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு.

வேலை இதுதான்: அகழ்ந்த மண்ணை நீரில் கரைத்து, மிதக்கும் கரிந்த விதைகளை நுண்சல்லடையில் பிடித்து, உலர்த்தி, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்ப்பது. நெருப்பில் கரிந்ததால்தான் அவை மட்காமல் நிற்கின்றன. பெல்லாரிப் பக்கம் சங்கனகல்லு போன்ற புதிய கற்கால ஊர்களில் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் குலசாமை என்ற சிறுதானியமும் கொள்ளு, பாசிப்பயறும் விளைந்தது இப்படித்தான் தெரியவந்தது. தென்னிந்திய வேளாண்மையின் தொடக்கத்தில் நெல்லுக்கு முன்னால் சிறுதானியமும் பயறும் நின்றன என்பதை டோரியன் ஃபுல்லர் போன்ற தொல்தாவர ஆய்வாளர்கள் நிறுவியது இந்தக் கரித்துகள்களை வைத்துத்தான்.

இத்தனை தெரிந்தும் இன்னும் பல அகழாய்வுகளில் பானை ஓட்டுக்கெல்லாம் எண் போட்டுவிட்டு, மண்ணை அப்படியே மேட்டில் கொட்டுகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. ஆதிச்சநல்லூரில் 2004-ல் தொடங்கிய அகழாய்வில் எடுத்த பொருட்களுக்குக் காலக்கணிப்பு வர 2019 ஆயிற்று, அதுவும் நீதிமன்றம் தலையிட்ட பிறகு. அதே பொருநை (தாமிரபரணி) ஆற்றுப் பகுதியில் உள்ள சிவகளையில் தாழியில் கிடைத்த நெல் உமியைக் காலக்கணிப்புக்கு உடனே அனுப்பியதால் கி.மு. 1155 என்ற காலம் 2021-ல் சட்டமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது. மனம் இருந்தால் முடியும்.

நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. முனைவர் பட்டத்துக்குப் பிறகும் சில ஆண்டுகள் தற்காலிக ஆய்வுத் திட்ட ஊதியத்தில்தான் ஓடும். இதைப் பெண்ணிடம் மறைக்காதீர்கள்.

இப்போதே செலவில்லாமல் தொடங்க ஒரு வேலை இருக்கிறது. சாமை, வரகு, குதிரைவாலி, தினை, கொள்ளு, அவற்றோடு வயலில் முளைக்கும் களைகள் எல்லாவற்றின் விதையையும் ஊர், நாள், செடியின் பெயர் எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். பாதியைத் தனியே கரியவைத்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும்; கரிந்தால் விதை ஊதும், வடிவம் மாறும். பெயர் சந்தேகமான செடியைக் கோவையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் உலர்தாவரத் தொகுப்போடு ஒப்பிட அனுமதி கேட்கலாம். லக்னோவுக்கோ புனேவுக்கோ எழுதும் விண்ணப்பத்தில் அந்தத் தொகுப்பைப் பற்றி ஒரு பத்தி சேர்க்கட்டும். அந்த மையத்துக்கு முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால், ரசீதின் நகலோடு பதிவுத் தபாலில் எழுதித் திரும்பக் கேளுங்கள். ஃபோனில் பேசிக்கொண்டிருக்காதீர்கள்.