ஒரே ஈஸ்திரஜன், இரண்டு வேலை

வணக்கம் சேர்,

மகள் உயர்தர உயிரியல் படிக்கிறாள். ஈஸ்திரஜன் என்ற பெண் ஓமோன், சூலை வெளிவர வைக்கும் எல்.எச். ஓமோனின் சுரப்பைக் குறைக்கும் என்று அவளுடைய நோட்ஸில் ஒரு பக்கம். அடுத்த பக்கத்தில் அதே ஈஸ்திரஜன் எல்.எச்.சைப் பொங்க வைக்கும் என்று இருக்கிறது. ரியூசனில் கேட்டால் "பாடமாக்கு" என்கிறார்களாம். எது சரி? அப்புறம், எனக்கு 51 வயது. மாதவிடாய் நின்றுவிட்டது. இராத்திரியில் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கிறது. இதுவும் அந்தக் கதைதானா?

ஓர் அம்மா, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரி,

இரண்டு பக்கமும் சரி. பாடமாக்கச் சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மூளையின் அடிப்பகுதியில் உள்ள பரிவகக்கீழில் ஓரிரு ஆயிரம் நரம்புக்கலங்கள்தான் ஜி.என்.ஆர்.எச். என்ற ஓமோனைச் சுரக்கின்றன. பத்து அமினோ அமிலம் கொண்ட சின்னச் சங்கிலி அது. சூல் முதிரும் நாட்களில் ஒரு மணி, ஒன்றரை மணிக்கு ஒரு தடவை அதை விட்டுவிட்டு வெளியேற்றும். அது மூளைக்குக் கீழேயுள்ள கபச்சுரப்பிக்குப் போய் எல்.எச்.சை வெளிவர வைக்கும். வேடிக்கை என்னவென்றால், ஈஸ்திரஜன் வந்து ஒட்டவேண்டிய முக்கியமான அல்பா வாங்கி இந்தக் கலங்களில் இல்லை. சூலகம் என்ன சொன்னாலும் இவற்றுக்கு நேரே கேட்காது.

இடையில் நின்று சொல்வது கிஸ்பெப்டின் என்ற பொருளைச் சுரக்கும் நரம்புக்கலங்கள். 1996இல் அமெரிக்காவின் ஹேர்ஷி நகரத்தில் அதன் மரபணுவைக் கண்டுபிடித்தவர்கள், அந்த ஊர் 'கிஸ்ஸஸ்' சொக்லேட்டின் பெயரையே வைத்துவிட்டார்கள். அப்போது அது புற்றுநோய் பரவலோடு தொடர்புடைய மரபணு, அவ்வளவுதான். கிஸ்பெப்டினின் வாங்கி பழுதானவர்கள் பூப்படைவதில்லை என்று 2003இல் தெரிந்த பிறகே கதை மாறியது.

எலியில் இந்தக் கலங்கள் இரண்டு கூட்டம். அடிப்பக்கத்துக் கூட்டம் ஈஸ்திரஜன் வந்தால் அடங்கும், முன்பக்கத்துக் கூட்டம் கிளம்பும். மனிதரில் இடப்பிரிவு இவ்வளவு துலக்கமில்லை. நமக்கு அளவும் காலமும்தான் கணக்கு. ஈஸ்திரஜனின் முக்கிய வடிவமான ஈஸ்திரடையோல் இரத்தத்தில் மில்லிலீட்டருக்கு 200 பிக்கோகிராமைத் தாண்டி, ஏறக்குறைய இரண்டு நாள் இறங்காமல் நின்றால்தான் அடக்கிக்கொண்டிருந்தது தூண்டத் தொடங்கும். கபச்சுரப்பியும் அந்த நேரம் வழமையைவிடக் கூர்மையாக இருக்கும். எல்.எச். பொங்கும், ஒன்றரை நாளளவில் சூல் வெளிவரும். மகள் கீறும் அம்புக்குறியில் கூட்டல், கழித்தலோடு எத்தனை நாள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் கொதிப்பும் அந்தக் கதைதான். அடிப்பக்கத்துக் கலங்கள் நியூரோகைனின் பி என்ற ஒன்றையும் சுரக்கின்றன. ஈஸ்திரஜன் இல்லாமல் போனதும் அவை பருத்து, உடம்புச் சூட்டைச் சீராக்கும் பகுதியையும் உசுப்பிவிடுகின்றன. அந்தச் சமிக்ஞையைத் தடுக்கும் பெசோலினெட்டன்ற் என்ற மாத்திரைக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது ஓமோன் இல்லை. ஆனால் ஈரலைப் பாதிக்கலாம் என்பதால், இரத்தம் சோதித்துப் பார்த்த பிறகுதான் தொடங்குவார்கள். உங்கள் பெண்நோயியல் வைத்தியரோடு கதைத்துப் பாருங்கள்.