என் வீட்டுக்காரருக்கு விமானப் பிச்சி!

கேள்வி: நாங்கள் நகரிப் பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். ஊர் ஆந்திராவில் இருந்தாலும் வீட்டில் தமிழ்தான். என் வீட்டுக்காரருக்கு 57 வயது. டூவீலர் மெக்கானிக். குடி, சீட்டு எதுவும் கிடையாது. விமானம் ஒன்றுதான் பழக்கம். அதிலும் முன்னால் ஃபேன் சுற்றுகிற பழைய விமானம், மிலிட்டரி விமானம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். அரக்கோணம் கடற்படைத் தளத்து விமானம் ஒன்று முன்பெல்லாம் எங்கள் ஊர் மேலே பெரிய சத்தத்தோடு போகும். 2017-இல் அது நின்றுவிட்டது. அதிலிருந்து சாயங்காலமானால் கடை வாசலில் பேசாமல் உட்கார்ந்துவிடுகிறார். அந்த விமானத்தை விசாகப்பட்டினத்தில் வைத்திருக்கிறார்கள் என்று இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நான் ஒரு முறைகூடப் போனதில்லை. இப்போது மூன்றாம் முறை போக வேண்டுமாம். சின்ன மகளுக்குத் தை மாதம் கல்யாணம். நிச்சயத்துக்கு வந்த புத்தூர் சம்பந்தியிடம் அரை மணி நேரம் எஞ்சினைப் பற்றியே பேசினார். அவர் "விமானால பிச்சி", அதாவது விமானப் பைத்தியம் என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தார். எனக்கு முகம் செத்துப் போயிற்று. போன மாதம் பெரிய மகளின் பையனை, ஒன்பது வயதுதான், கூட்டிக்கொண்டு போய் ஒரு விமானத் தளத்து மதிலோரம் நின்று செல்போனில் படம் எடுத்திருக்கிறார். காவலுக்கு இருந்தவர்கள் பிடித்து, படத்தையெல்லாம் அழித்து, எச்சரித்து அனுப்பினார்கள். பிள்ளை அழுதுகொண்டே வந்தான். இது மனநோயா? டாக்டரிடம் காட்ட வேண்டுமா? சண்டை விமானத்தை இப்படி ரசிப்பது பாவம் இல்லையா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மற்றதை அப்புறம் பேசலாம். முதலில் அந்த மதில் விஷயம். உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்தது அது ஒன்றுதான்.

1923-ஆம் வருடத்து அரசு ரகசியச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. ராணுவ, கடற்படை, விமானப்படைத் தளங்களை அது தடை செய்யப்பட்ட இடம் என்கிறது. நாட்டுக்குக் கேடு நினைத்து அங்கே நெருங்கினாலும், ஒரு வரைபடம் போட்டாலும் சிறைதான். உங்கள் வீட்டுக்காரர் கேடு நினைக்கிறவர் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். துப்பாக்கியோடு நிற்கிற பையனுக்கு அது எப்படித் தெரியும்? இங்கிலாந்தில் விமான நிலைய வேலியோரம் நின்று விமானங்களின் எண்ணைக் குறித்துக்கொள்வது வெகு சாதாரணமான பொழுதுபோக்கு. அதே பழக்கத்தில் 2010-இல் டெல்லி விமான நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலில் தங்கி, விமானிகளின் ரேடியோ பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் கைதானார்கள். வாரக்கணக்கில் வழக்கில் மாட்டிக்கொண்டு, அபராதம் கட்டிவிட்டுத்தான் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களும் வெறும் ரசிகர்கள்தான்.

அதனால் மதிலோரம் இனி கிடையாது. தளத்துக்குப் பக்கத்தில் போட்டோ, டிரோன், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எதுவும் கூடாது. சொந்த வீட்டு மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்க்கட்டும், அதை யாரும் தடுக்க மாட்டார்கள். பேரனிடம் அவரே உட்கார்ந்து பேச வேண்டும். "தாத்தா போகக்கூடாத இடத்துக்குப் போனேன், அந்த மாமாக்கள் அவர்கள் வேலையைச் செய்தார்கள்" என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு விமானம் என்றாலே அந்த அழுகைதான் ஞாபகம் வரும்.

சரி, இப்போது நோயா என்ற கேள்விக்கு வருகிறேன். இல்லை. கடையைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார், கடன் வாங்குகிறார், சாப்பாடும் தூக்கமும் குறைந்துவிட்டது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். அப்படி ஒன்றும் நீங்கள் எழுதவில்லை. சாயங்காலம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் காரணத்தையும் நீங்களே எழுதிவிட்டீர்கள்.

அந்த விமானத்தை நானும் கேட்டிருக்கிறேன். பார்த்தேன் என்று சொல்வதற்கு முன்னால் கேட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அரக்கோணத்தில் என் அக்கா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தாள். கோடை விடுமுறையில் ஒரு நாள் சமையலறையில் நிற்கிறேன், அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி கிணுகிணு என்று சத்தம் போட ஆரம்பித்தன. அதற்கப்புறம்தான் வானத்திலிருந்து அந்த ஓசை வந்தது. ஜெட் விமானத்தின் கிறீச்சிடல் அதில் இல்லை. பெரிய மாவு மில் ஒன்று ஆகாயத்தில் ஓடுகிற மாதிரி நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கும் அதிர்வு. அக்கா குழம்பைக் கிளறிக்கொண்டே "நம்ம ரஷ்யாக்காரன் போறான்" என்றாள்.

அதன் பெயர் டியு-142. ரஷ்யாவின் டுப்பொலேவ் நிறுவனத்துத் தயாரிப்பு. 1988-இல் நம் கடற்படைக்கு வந்தது. முதலில் கோவாவில் இருந்தது, 1992-இல் அரக்கோணம் ராஜாளி தளத்துக்கு மாறியது. கடலுக்கு மேலே மணிக்கணக்கில் சுற்றி, நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவது அதன் வேலை. நான்கு எஞ்சின், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15,000 குதிரைத்திறன். ஒவ்வொரு எஞ்சினிலும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு புரொப்பெல்லர். முன்னால் இருப்பது ஒரு பக்கம் சுற்றும், பின்னால் இருப்பது எதிர்ப்பக்கம் சுற்றும். ஒற்றை ஃபேன் காற்றை முறுக்கித் தள்ளும்போது கொஞ்சம் சக்தி அந்த முறுக்கிலேயே வீணாகிவிடும். பின்னால் எதிர்த்துச் சுற்றும் ஃபேன் அந்த முறுக்கைப் பிரித்து, அதையும் உந்துவிசையாக்கிவிடுகிறது. புரொப்பெல்லர் விமானங்களிலேயே அதிவேகமானவை இந்தக் குடும்பத்து விமானங்கள்தான். முன் இலைகள் கலைத்துவிட்ட காற்றைப் பின் இலைகள் வெட்டுவதும் அத்தனை சத்தத்துக்கு ஒரு காரணம். உங்கள் வீட்டு டம்ளர்களும் அப்போது ஆடியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

2017 மார்ச் 29-இல் அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். 29 வருடச் சேவையில் ஒரு விபத்துகூட இல்லை. உங்கள் வீட்டுக்காரரின் வயதைக் கணக்குப் போட்டால், அது அரக்கோணத்துக்கு வந்தபோது அவருக்கு இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் ஆகி, கடை போட்டு, இரண்டு பெண்களை வளர்த்து ஆளாக்கின காலம் முழுக்க அந்தச் சத்தம் தலைக்கு மேலே இருந்திருக்கிறது. கோயில் மணி நின்றுபோன ஊரில் ஆட்களுக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கும் அவருக்கும்.

இதில் அவருடைய தொழிலும் கலந்திருக்கிறது. புரொப்பெல்லர் விமானங்களில் டகோட்டா என்று ஒன்று உண்டு. டிசி-3 என்ற பெயரில் 1935 டிசம்பர் 17-இல் முதன்முதலாகப் பறந்தது. இன்றைக்கும் உலகில் சில பறந்துகொண்டிருக்கின்றன. அதன் எஞ்சின் ஒன்றில் 14 சிலிண்டர்கள், பூவிதழ் மாதிரி வட்டமாக, ஏழு ஏழாக இரண்டு அடுக்கு. தண்ணீர் கிடையாது, காற்றில்தான் குளிர வேண்டும். அதனால் சிலிண்டரைச் சுற்றி, அவர் தினமும் துடைக்கிற பைக் எஞ்சினில் இருக்கிற அதே ஃபின்ஸ் தகடுகள். மொத்தம் 30 லிட்டர் எஞ்சின். அதன் ஒரே ஒரு சிலிண்டருக்குள் இருபது ஸ்ப்ளெண்டர் எஞ்சின் அடங்கிவிடும். ராத்திரி நிறுத்தி வைத்தால் கீழ்ப்பக்கத்து சிலிண்டர்களில் ஆயில் இறங்கித் தேங்கும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால் காலையில் ஆட்கள் புரொப்பெல்லர் இலையைக் கையால் பிடித்து ஒவ்வொன்றாகச் சுற்றி, எங்காவது இறுக்குகிறதா என்று பார்ப்பார்கள். பழைய புல்லட்டை ஆம்ப்ஸ் முள்ளைப் பார்த்து, கிக்கரை மெதுவாக இறக்கி, அதற்கப்புறம் உதைக்கிற மனிதருக்கு இது புரியாமல் யாருக்குப் புரியும்? இப்போதைய விமானத்து எஞ்சின் மூடிய உருளை, உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே இருந்து தெரியாது. புரொப்பெல்லர் விமானத்தில் வேலை நடப்பது கண்ணுக்குத் தெரியும். சுற்றுகிறது, காற்றை இழுக்கிறது, பறக்கிறது. மெக்கானிக்குகளுக்கு அதன்மேல் இவ்வளவு ஆசை வருவதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பாவம் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி, தட்டிக் கழிக்க மாட்டேன். டியு-142 வெறும் கையோடு போகவில்லை, டார்பிடோவும் குண்டும் சுமந்துதான் போனது. சாவுக்காகச் செய்த கருவி என்பதைப் பேரனிடமும் மறைக்க வேண்டாம். ஆனால் அந்த டகோட்டாவையும் போருக்காகத்தான் ஆயிரக்கணக்கில் செய்தார்கள். 1947 அக்டோபர் 27-இல் ஸ்ரீநகருக்கு நம் சிப்பாய்களை முதலில் கொண்டுபோய் இறக்கியது அதுதான். பிரிவினையின்போது அகதிகளை ஏற்றிக்கொண்டு வந்ததும் அதுதான். மறு வருடம் லே பள்ளத்தாக்கில் ஆற்று மணலில் போட்ட ஓடுபாதையில் இறங்கி, அந்த ஊருக்கு உதவி கொண்டுபோனதும் டகோட்டாதான். அவர் ரசிப்பது அந்த எஞ்சினையும், அதை ஓட்டியவர்களின் துணிச்சலையும். கொலையை ரசிக்கிறவராக உங்கள் எழுத்தில் அவர் தெரியவில்லை.

சம்பந்தி சிரித்தது உங்களைக் குத்தியிருக்கிறது. சம்பந்தியிடம் எஞ்சின் கணக்குப் பேச வேண்டாம் என்று உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், அது எல்லாருக்கும் ருசிக்காது. அதற்குப் பதிலாகக் கான்பூர் கதையைச் சொல்லட்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப்படை அமெரிக்காவிடமிருந்து இரவலாக வாங்கின லிபரேட்டர் என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூரில் விட்டுவிட்டுப் போனது. சும்மா விடவில்லை, யாரும் திரும்பப் பறக்கவிடக் கூடாது என்று வேண்டுமென்றே உடைத்துப் போட்டுவிட்டுப் போனது. சுதந்திரம் கிடைத்த கையோடு நமக்குக் கனரக குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்டது, வாங்கக் காசில்லை. பெங்களூர் ஹெச்ஏஎல் விமானத் தொழிற்சாலை ஆட்கள் அந்தக் குப்பைமேட்டுக்குப் போனார்கள். இதில் ஒரு பாகம், அதில் ஒரு பாகம் என்று எடுத்துப் பொருத்தி, அங்கேயே பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்து முழுசாகச் சீர்செய்தார்கள். உடைத்தவர்கள் செத்துவிட்டது என்று நினைத்த விமானங்கள் 1968 வரை நம் விமானப்படையில் பறந்தன. இன்றைக்கு இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா அருங்காட்சியகங்களில் இருக்கிற லிபரேட்டர்களில் சில, நம் மெக்கானிக்குகள் காப்பாற்றிக் கொடுத்தவை. இந்தக் கதையைக் கேட்டு எந்தச் சம்பந்தியும் சிரிக்க மாட்டார். அவர் பேசும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், கண்ணால் ஜாடை காட்டி நிறுத்தாதீர்கள்.

பணத்துக்கு வருவோம். தை வரைக்கும் பயணம் இல்லை, இதில் அவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். கல்யாணம் முடிந்த மறுநாளிலிருந்து கடைக் கல்லாவில் ஒரு நாளைக்கு 30 ரூபாய் தனி டப்பாவில் போடுங்கள். ஆறு மாதத்தில் ஐயாயிரத்துக்கு மேல் சேரும், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. விசாகப்பட்டினம்தான் வேண்டும் என்பதில்லை. பெங்களூரில் ஹெச்ஏஎல் அருங்காட்சியகம் இருக்கிறது, உங்களுக்கு அரக்கோணம், காட்பாடி வழியாகக் கிட்டத்தில்தான். நம் நாட்டிலேயே வடிவமைத்து 1951-இல் பறக்கவிட்ட ஹெச்டி-2 என்ற பயிற்சி விமானத்தை அங்கே பார்க்கலாம். பேரனையும் கூட்டிப் போகட்டும், அழுதவன் சிரிக்கட்டும். 2018-இல் விமானப்படையில் சேர்ந்த 'பரசுராமா' என்ற டகோட்டா, 2024 அக்டோபர் 6-இல் சென்னை மெரினா சாகசத்தில் பறந்தது. அப்படி இன்னொரு வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். ஆனால் அன்று வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து உயிர் போனது, மறக்க வேண்டாம். தண்ணீரும் குடையும் இல்லாமல் கிளம்பக் கூடாது, வயதானவரும் பிள்ளையும் கூட்டத்தின் நடுவில் போய் மாட்டக் கூடாது.

விசாகப்பட்டினத்து விமானத்துக்கு உள்ளே நான் போயிருக்கிறேன். கடற்கரைச் சாலையில் 2017 டிசம்பரில் திறந்தார்கள், எதிர்ப்பக்கம் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல். வெளியே நிற்கும்போது அது ஒரு கல்யாண மண்டபம் அளவுக்குத் தெரியும், ஐம்பது மீட்டர் இறக்கை. உள்ளே போனால் குனிந்து நடக்கிற அளவுக்கு இடுக்கு, இருபக்கமும் கருவிகள். இதற்குள்தான் மணிக்கணக்கில் உட்கார்ந்து வேலை பார்த்தார்களா என்று மலைப்பாக இருந்தது. எனக்கு அங்கே விவரம் சொல்ல ஆள் இல்லை, பலகைகளைப் படித்துவிட்டு வந்தேன். உங்களுக்கு ஆள் இருக்கிறார். ரேணிகுண்டாவிலிருந்து ரயில் கிடைக்கும். மூன்றாம் முறை போக வேண்டும் என்கிறாரே, இந்த முறை இரண்டு டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள்.