நின்றிருந்தால் என்ன கேட்டிருப்பார்கள்?

கேள்வி: மக்களின் தொலைபேசி விவரங்களை அமெரிக்க அரசு மொத்தமாகச் சேகரித்ததை எட்வர்ட் ஸ்னோடன் அம்பலப்படுத்தினார், சரி. வழக்கு என்றதும் ரஷ்யாவில் போய் ஒளிந்துகொண்டவரை வீரன் என்பதா, கோழை என்பதா? துணிவிருந்தால் நீதிமன்றில் நின்று நியாயம் பேசியிருக்கலாமே?
- ம. ர., வெள்ளவத்தை

பதில்: அந்த நியாயத்தைத்தான் அந்த நீதிமன்றம் பேச விடாது.

ஸ்னோடன் மீது மூன்று குற்றச்சாட்டுகள். இரண்டு 1917ஆம் ஆண்டின் உளவுச் சட்டத்தின் கீழ் வருபவை. முதலாம் உலகப் போர்க் காலத்துச் சட்டம் அது. பாதுகாப்பு சம்பந்தப்பட்ட ஆவணமா, உரிமையில்லாதவர் கையில் கொடுத்தாரா, தெரிந்தே கொடுத்தாரா என்றுதான் ஜூரிகள் பார்ப்பார்கள். ஏன் கொடுத்தார், அதனால் நாட்டுக்கு என்ன நன்மை என்ற பேச்சுக்கே இடமில்லை. அதைச் சொல்ல அனுமதித்தால் திரும்பி வருகிறேன் என்று ஸ்னோடன் பலமுறை சொல்லிவிட்டார்.

நின்று முகம்கொடுத்தவர் என்று டானியல் எல்ஸ்பேர்க்கை எடுத்துக்காட்டுவார்கள். வியட்நாம் போர் பற்றிய சுமார் 7,000 பக்க இரகசிய அறிக்கையை 1971இல் பத்திரிகைகளுக்குக் கொடுத்தவர். நின்றார்தான், ஆனால் இரண்டு வாரம் தலைமறைவாக இருந்து, மிச்சப் பக்கங்களையும் பத்திரிகைகளுக்குச் சேர்ப்பித்த பிறகு. சாட்சிக் கூண்டில் அவருடைய சட்டத்தரணியே "ஏன் பிரதி எடுத்தீர்கள்?" என்று கேட்டார். அரச தரப்பு ஆட்சேபித்தது, நீதிபதி ஆட்சேபனையை ஏற்றார். அத்தோடு அந்தக் கேள்வி முடிந்தது. 1973 மே மாதம் வழக்குத் தள்ளுபடியானதுகூட அவர் பக்கத்து நியாயம் வென்றதால் அல்ல. அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தை வெள்ளை மாளிகையின் ஆட்கள் உடைத்துப் புகுந்த விஷயம் வெளியே வந்துவிட்டது. அது மட்டும் பிடிபடாதிருந்தால் 115 ஆண்டுவரை சிறை. அதே எல்ஸ்பேர்க் 2013இல், ஸ்னோடன் நாட்டை விட்டுப் போனது சரி என்று எழுதினார். வழக்கு நடந்த காலம் முழுக்கத் தான் பிணையில் வெளியே இருந்து பேச முடிந்தது, இன்று அது நடக்காது என்பது அவர் வாதம்.

உள்ளுக்குள்ளேயே முறையிட்டிருக்கலாம் என்பார்கள் சிலர். ஸ்னோடன் அம்பலப்படுத்திய அதே உளவு நிறுவனமான தேசிய பாதுகாப்பு முகமையில் (என்.எஸ்.ஏ.) தோமஸ் டிரேக் அதைத்தான் செய்தார். மேலதிகாரி, கண்காணிப்பு அதிகாரி, காங்கிரஸ் குழு என்று படியேறிவிட்டுத்தான் ஒரு பத்திரிகையாளரிடம் பேசினார். 2007இல் வீட்டில் சோதனை. 2010இல் 35 ஆண்டுவரை உள்ளே தள்ளக்கூடிய பத்துக் குற்றச்சாட்டுகள். அடுத்த ஆண்டே வழக்கு ஒரு சிறு குற்றமாகச் சுருங்கிப்போனது. அதற்குள் மனிதர் ஆப்பிள் கடையில் வேலைக்குப் போய்விட்டார்.

ரஷ்யாவுக்கு வருவோம். 2013 ஜூன் 23இல் ஹொங்கொங்கிலிருந்து புறப்பட்டவரின் கடவுச்சீட்டு முதல் நாளே ரத்தாகியிருந்தது. மொஸ்கோ விமான நிலையத்தின் இடைத்தங்கல் பகுதியில் ஏறக்குறைய நாற்பது நாள். ஓடினார் என்பதைவிட மாட்டிக்கொண்டார் என்பதே பொருந்தும். அதற்கு முன் ஹொங்கொங்கில் அவரைத் தங்கள் சின்ன அறைகளில் மறைத்து வைத்தவர்களில் நம் இலங்கையிலிருந்து போய்ப் புகலிடம் கேட்டுக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் வீரர்களா என்று இதுவரை யாரும் எனக்குக் கடிதம் போடவில்லை.

ஸ்னோடனைக் குறை சொல்ல வேண்டுமானால் வேறு இடம் இருக்கிறது. தொலைபேசி விவரச் சேகரிப்பு சட்டத்துக்குப் புறம்பானது என்று 2015இலும் 2020இலும் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றங்களே சொல்லிவிட்டன. அந்தப் பகுதியில் அவர் சரி. ஆனால் சீனக் கணினிகளுக்குள் அமெரிக்கா புகுந்த கதையை ஹொங்கொங் பத்திரிகைக்குச் சொன்னாரே, அமெரிக்கக் குடிமகனின் அந்தரங்கத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? எதை வெளியிட்டார் என்று கேளுங்கள், பதில் கிடைக்கும். எங்கே போனார் என்பதில் ஒன்றும் கிடைக்காது.

இங்கேயும் பார்த்தோம். 2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு அரசியல் புள்ளிகளைத் தொடும் வழக்குகளை விசாரித்த, குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் நிஷாந்த சில்வா சுவிட்சர்லாந்து போனார். அவருடைய மேலதிகாரி ஷானி அபேசேகர நாட்டிலேயே இருந்தார். 2020 ஜூலையில் கைதாகி, மறு ஆண்டு ஜூனில்தான் பிணை, இடையில் சிறைக்குள் கொரோனாவும். இருவரும் புலனாய்வாளர்கள், இரகசியம் வெளியிட்டவர்கள் அல்லர். ஆனாலும் போனவர் கோழை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

கையில் கோப்போடு தவிக்கும் அரச ஊழியருக்கு வீரப் பட்டத்தைவிட வேறு சில விஷயங்கள் பயன்படும். கோப்பில் இருப்பது தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டால் கொடுக்கக்கூடிய தகவலா என்று முதலில் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, அப்படிப்பட்ட தகவலை வெளியிட்டவரை ஒழுக்காற்று நடவடிக்கை உட்பட எந்த வகையிலும் தண்டிக்கக் கூடாது என்கிறது. 5ஆம் பிரிவின் விலக்குகளுக்குள், உதாரணமாகத் தேசிய பாதுகாப்புக்குள், அது விழுந்தால் இந்தக் குடை கிடையாது. 1955இன் அரச இரகசியங்கள் சட்டம் வந்து நிற்கும். சட்டத்தரணியைப் பார்க்க வேண்டிய நேரம் அதுதான், பிறகல்ல.

விஷயம் இலஞ்சம், ஊழல் என்றால் மலலசேகர மாவத்தையில் ஆணைக்குழு இருக்கிறது, 1954 என்ற இலக்கமும் இருக்கிறது. ஆனால் எழுத்தில் கொடுப்பதே மேல். பிரதியில் திகதி முத்திரை வாங்கி வீட்டில் வையுங்கள். இங்கே முதலில் வருவது வழக்கல்ல, இடமாற்றக் கடிதம். முறைப்பாடு முந்தியது, இடமாற்றம் பிந்தியது என்று காட்ட அந்த முத்திரைதான் உதவும். கண்டதை மட்டும் எழுதுங்கள். பொய்யென்று தெரிந்தே முறையிட்டால் அதுவே குற்றம்.

அலுவலகப் பிரிண்டரையும் கணினியையும் தொடாதீர்கள். 2017இல் அமெரிக்காவில் ரியாலிட்டி வின்னர் ஓர் இரகசிய அறிக்கையை அச்செடுத்துத் தபாலில் செய்தித்தளத்துக்கு அனுப்பினார். உண்மையானதா என்று கேட்டு அந்தத் தளம் பிரதியை அரசிடமே காட்டியது. தாளில் மடிப்புத் தடம், அதாவது யாரோ அச்செடுத்து வெளியே கொண்டுபோயிருக்கிறார். அச்செடுத்தவர்கள் யார் என்று பதிவைப் பார்த்தார்கள்: ஆறு பேர். அந்த ஆறு பேரில் அந்தத் தளத்தோடு மின்னஞ்சல் தொடர்பு வைத்திருந்ததாக அலுவலகக் கணினியில் தடயம் இருந்தவர் ஒருவர்தான்.