வாசகர் கேள்வி–பதில்: சில நாட்கள் மகனை யார் பார்த்துக்கொள்வார்?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது ஆகிறது. மூளை முடக்குவாதமும் வலிப்பும் உண்டு. உட்கார, உண்ண, குளிக்க என எல்லாவற்றுக்கும் என் துணை வேண்டும். கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் இரவுப் பணி பார்க்கிறார். எனக்குக் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை அவசியம் என்று மருத்துவர் கூறியும், மகனை எண்ணித் தள்ளிப்போட்டு வருகிறேன். அந்தச் சில நாட்களுக்கு அவனை ஓர் இல்லத்தில் விடலாமா என்று கேட்டால், பெற்றவளே பிள்ளையைத் தள்ளிவிடுகிறாள் என்று நாத்தனார் பேசுகிறார்.
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: விடலாம், சகோதரி. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதுபோல் ‘சில நாட்கள்’ என்று கணக்கிட்டுவிடாதீர்கள். மருத்துவமனையிலிருந்து சீக்கிரம் வீடு திரும்பிவிடலாம் என்றாலும், இத்தகைய அறுவைச் சிகிச்சைக்குப் பின் பொதுவாக ஆறு வாரங்கள் வரை கனமான எதையும் தூக்கக் கூடாது என்பார்கள். வளர்ந்த மகனைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது அந்தத் தடையை நேரடியாக மீறுவதாகும். ஆகவே, எத்தனை நாட்களுக்குத் தூக்கக் கூடாது என்று உங்கள் மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டு, அத்தனை நாட்களுக்கும் ஏற்பாடு செய்யுங்கள். முதல் பகுதியை இல்லத்திலும், எஞ்சியதை வீட்டுக்கே வந்து உதவும் ஒருவரைக் கொண்டும் கழிக்கலாம்.

இதை ரெஸ்பைட் கேர், அதாவது இடைக்காலப் பராமரிப்பு என்கிறார்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை, ‘சமர்த்’ திட்டத்தின் கீழ், பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்கள் வழியாக இதற்கு வகை செய்துள்ளது. அத்தகைய இல்லம் எங்கே உள்ளது என்பதை உதகமண்டலத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். மலையில் இடம் அமையாவிட்டால் கோயம்புத்தூர் வரை விசாரிக்க வேண்டியிருக்கும். எந்த இல்லமானாலும், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அது பதிவுச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். அலுவலக அறையில் உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்பாமல், உணவு ஊட்டும் வேளையில் போய்ப் பாருங்கள். இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள், உங்கள் மகனைக் குளிப்பாட்டுபவர் ஆணா என்ற இரண்டையும் கட்டாயம் கேளுங்கள்.

இதைவிட முக்கியமானது ஒத்திகை. 23 ஆண்டுகளாக ஒரே கையில் உண்டு பழகியவரைத் திடீரென்று புது இடத்தில் விட்டால் அவர் உண்ண மறுக்கக்கூடும். எனவே அறுவைச் சிகிச்சைக்கான நாளைக் குறிக்கும்போதே, நீங்கள் அருகில் இருக்க வேறொருவர் ஒரு வேளை ஊட்டட்டும். பிறகு அரைநாள், அதன்பின் ஓர் இரவு என்று நீட்டுங்கள். அந்த முதல் இரவுக்கு உங்கள் நாத்தனாரையே அழையுங்கள். நான் இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. இரவில் இரண்டு மணிக்கொரு முறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைத்தவர் இப்படிப் பேச மாட்டார்.

பார்த்துக்கொள்பவருக்கென ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். நிமிர்த்தி உட்கார வைத்தே ஊட்ட வேண்டும், உண்டபின் அரைமணி நேரமாவது படுக்க வைக்கக் கூடாது, எவ்வளவு குழைவான சாதம் இறங்கும், வலி என்றால் எப்படி முகம் சுளிப்பார் என்பவை மருந்துச் சீட்டில் இருக்காது. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும் வாயில் கரண்டி வைப்பதும் கூடாது என்பதையும் எழுதுங்கள், ஏனெனில் நம் ஊரில் பத்துப் பேரில் ஒருவராவது அதைச் செய்ய ஓடி வருவார். வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து சாலை அடைபடுவது நாம் அறிந்ததே என்பதால், தங்கும் நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்கான மாத்திரையைக் கூடுதலாகக் கொடுத்தனுப்புங்கள். பனிக்காலத்தில் தசைகள் மேலும் இறுகும் என்பதால் வீட்டுக்கு வரும் உதவியாளர் அறையைச் சூடாக்க எண்ணலாம். மூடிய அறையில் கரியடுப்பு வைப்பது உயிரைப் பறிக்கும் என்பதை, குறிப்பாக அவர் சமவெளியிலிருந்து வருபவரானால், வாய்விட்டே சொல்லிவிடுங்கள்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கடும் பாதிப்பு உடையோருக்கு மாநில அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகை இன்னும் கிடைக்கவில்லையென்றால் விண்ணப்பியுங்கள். ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மகனின் சிகிச்சைக்கு உதவும். இல்லத்தில் தங்கும் கட்டணத்துக்கு அது உதவாது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கிறார்கள் என்பதால், நீங்கள் தூக்கக் கூடாத அந்த வாரங்களில் அவர்களைக் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: அறிவுசார் குறைபாடு உள்ள என் அக்காவுக்கு 41 வயது. கூடலூரில் வயதான பெற்றோருடன் இருக்கிறார். நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். பெற்றோருக்குப் பின் அக்காவை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போதே செய்ய வேண்டியது என்ன?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: 18 வயதுக்குப் பின் பெற்றோரும் சட்டப்படி தாமாகவே காப்பாளர் ஆகிவிடுவதில்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் நிலைக் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வக் காப்பாளர் ஆணையைப் பெறலாம்; உடன்பிறந்தவரும் விண்ணப்பிக்க உரிமை உண்டு. பெற்றோர் நடமாட்டத்துடன் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். அத்துடன், இந்த ஆண்டே உங்கள் விடுமுறையில் பத்து நாட்கள் அக்காவைத் திருப்பூருக்கு அழைத்துச் சென்று, உங்கள் மனைவி மக்களோடு தங்க வையுங்கள். பெற்றோருக்கு அது ஓய்வாக இருக்கும். அக்காவுக்கும் உங்கள் வீட்டின் ஓசையும் வாசலும் பழகிவிடும். போக வர நீங்களே உடன் இருங்கள், பேருந்தில் தனியே ஏற்றிவிட வேண்டாம்.