வெள்ளவத்தைக் கடலில் பிள்ளைகளைக் குளிக்க விடலாமா?

ஓகஸ்ட் லீவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வருகிறோம், தங்கும் வீட்டுக்கு முன்னாலேயே கடல், பிள்ளைகளை இறக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கால் நனைக்கட்டும். குளிக்க விடாதீர்கள்.

காரைநகர் கசூரினாக் கடற்கரையில் பழகியவர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பு வரும். அங்கே நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. இங்கே கரை சட்டென்று இறங்கும், அலையும் திறந்த சமுத்திரத்திலிருந்து நேராக வந்து அடிக்கும். மே முதல் செப்டெம்பர் வரை சோழகம், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, வேறு. அந்த மாதங்களில் பிள்ளைகள் கடலில் குளித்தே ஆக வேண்டுமென்றால் கிழக்குக் கரையில் நிலாவெளி, பாசிக்குடாப் பக்கம் கூட்டிப்போங்கள், அங்கே அப்போது கடல் அடங்கியிருக்கும். கொழும்புக் கடலுக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான் நல்ல காலம். அப்போதும் என் தெரிவு கல்கிசைக் கடற்கரை. அங்கே பொலிஸ் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். சிவப்புக் கொடி பறந்தால் பேச்சே இல்லை, திரும்பி வந்துவிடுங்கள்.

பெரிய அலையைப் பார்த்தால் எல்லாருக்கும் பயம் வரும். ஆளை இழுத்துக்கொண்டு போவதோ, இரு பக்கமும் அலை உடைய நடுவில் சும்மா கிடப்பது போலத் தெரியும் இடம். கரையில் வந்து குவியும் தண்ணீர் அந்த ஆழமான வாய்க்கால் வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. நிறம் கறுத்திருக்கும், நுரையும் கலங்கல் மணலும் வெளியே போய்க்கொண்டிருக்கும். கருங்கல் அணைகளின் ஓரத்திலும் இந்த இழுவை உண்டாகும். அம்மாமார் பிள்ளையை இறக்கத் தேடிப்பிடிப்பது பெரும்பாலும் அந்த "அலை இல்லாத" இடத்தைத்தான்!

அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள், நல்ல நீச்சல்காரனும் களைத்துவிடுவான். இழுவை ஆளை வெளியே கொண்டுபோகுமே தவிர அடியில் அமுக்காது. மிதந்துகொண்டு கையை உயர்த்திக் காட்டுங்கள். தெம்பிருந்தால் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறி, அலையோடு கரைக்கு வாருங்கள்.

இன்னொன்று, வெள்ளவத்தையில் கடலுக்கு முன் தண்டவாளம் வரும். அலைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டே கடவுங்கள். தண்ணீரில் நிற்கும்போது சின்னதுகள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது, கத்த மூச்சிருக்காது. யாராவது தத்தளித்தால் பின்னால் குதிக்காமல் மூடிய வெற்றுப் பிளாஸ்டிக் கான், கயிறு, எது கிடைக்கிறதோ அதை வீசுங்கள். பக்கத்தில் நிற்பவரைப் பொலிஸுக்கு, 119க்கு எடுக்கச் சொல்லுங்கள். அம்புலன்ஸுக்கு 1990, காசு கேட்கமாட்டார்கள்.